செல்ஃப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? பழைய பைக்கில் மோட்டாரைக் கழற்றும் முன் இந்த 3 சுவிட்சுகளைப் பாருங்கள்

மயிலாப்பூர் மாட வீதியில் காலை 8 மணி. காய்கறிக் கடை ஓரமாகப் பழைய பைக்கை நிறுத்திவிட்டு, கால் கிலோ வெண்டைக்காய் வாங்கித் திரும்புகிறீர்கள். சாவியைத் திருப்பினால் லைட் எரிகிறது, ஹாரனும் அடிக்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் 'டிக்' என்றுகூட சத்தம் இல்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். கிக்கர் இருக்கிற வண்டி என்றால் நாலு உதை உதைத்துக் கிளம்பிவிடலாம், இல்லாத வண்டி என்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "செல்ஃப் மோட்டார் போச்சு சார், மாத்தணும்." இல்லையென்றால், "சுவிட்ச் தொல்லை சார், ரெண்டு ஒயரையும் சேர்த்து டைரக்ட் கொடுத்துட்டேன், இனிமே பிரச்னை வராது."

முதல் பதிலில் பணம் போகலாம். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து வரலாம். பழைய பைக்குகளில் செல்ஃப் எடுக்காமல் போவதற்கும் மோட்டாருக்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருக்காது. வழியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன பாதுகாப்பு சுவிட்ச்தான் காரணமாக இருக்கும். அது எது, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் செய்யவே கூடாது என்று விரிவாகப் பார்க்கலாம்.

செல்ஃப் பட்டனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பட்டனை அழுத்தினால் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போவதில்லை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டை அந்தச் சின்ன பட்டனால் தாங்க முடியாது. அதனால் நடுவில் ஒரு ரிலே இருக்கும். பட்டன் ரிலேவை இயக்கும், ரிலே பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும்.

அந்த ரிலேவின் காயிலுக்கு எர்த் கிடைக்கும் வழியில்தான் பாதுகாப்பு சுவிட்சுகளை வைத்திருப்பார்கள். சில மாடல்களில் எர்த் பக்கம் இல்லாமல் பிளஸ் வரும் பக்கமே சுவிட்ச் இருக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான். வண்டி கியரில் நிற்கும்போது யாராவது தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டால், வண்டி முன்னால் பாயக்கூடாது.

அந்த சுவிட்சுகள் மூன்று. இன்ஜின் அடியில், கியர் டிரம்முக்குப் பக்கத்தில் இருப்பது நியூட்ரல் சுவிட்ச். கிளட்ச் லீவருக்கு அடியில் இருப்பது கிளட்ச் சுவிட்ச். சைடு ஸ்டாண்டு போல்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்டாண்டு சுவிட்ச். எல்லா வண்டியிலும் மூன்றும் இருக்காது. 1970-கள், 80-களின் ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் நியூட்ரலும் கிளட்ச்சும் மட்டும் இருக்கும். சிலவற்றில் நியூட்ரலில் நின்றாலும் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அது கோளாறு இல்லை, டிசைனே அப்படித்தான். அதனால் முதலில் உங்கள் மாடலின் வயரிங் டயக்ராமை எப்படியாவது தேடிப் பிடித்துவிடுங்கள். அது இல்லாமல் ஒயரில் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடப்பது மாதிரிதான்.

சென்னையில் ஓடும் பழைய கிக்-ஸ்டார்ட் வண்டிகளான யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட் ஆகியவற்றில் செல்ஃபே கிடையாது. அதனால் இந்தத் தலைவலியும் இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்த காலத்தில், நியூட்ரலைத் தேடி எடுப்பதற்கென்றே கியர் பாக்ஸில் தனியாக ஒரு குட்டி லீவர் இருந்தது. நியூட்ரல் விழுந்ததா இல்லையா என்று சொல்ல அன்றைக்கு சுவிட்ச் இல்லை, காலுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி வண்டிக்கு இப்போது செல்ஃப் கிட் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

ஏன் சென்னையில் இது அதிகம் படுத்துகிறது?

உப்புக்காற்றுதான் முதல் காரணம். பெசன்ட் நகர், சாந்தோம், அடையாறு பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். அந்தக் களிம்பு கரண்டை முழுசாகத் தடுக்காது, பாதியைத் தடுக்கும். கோளாறு கையில் சிக்காமல் நழுவுவது இதனால்தான்.

இரண்டாவது, தண்ணீர். ஸ்டாண்டு சுவிட்ச் இருக்கும் இடம் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம் கூட இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் தி.நகர் சந்துகளில் முழங்கால் தண்ணீர் நின்றால் முதலில் குளிப்பது அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகளின் கனெக்டர்களுக்குள் சேறு புகுந்து காய்ந்திருந்தால், அது இன்றைக்கும் வேலையைக் காட்டும். இன்னொன்று, தண்ணீரில் முழுகிய வண்டியில் செல்ஃப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது சுவிட்ச் செலவு இல்லை, இன்ஜின் செலவு.

மூன்றாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ஆசை ஆசையாக வண்டியை ரெஸ்டோர் பண்ணி, ஃபிரேமுக்குப் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடித்து வாங்கி வந்த மறுநாளே செல்ஃப் எடுக்காது! நியூட்ரல் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பது இன்ஜின் வழியாக. இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இப்போது தடிமனான பெயின்ட். பேட்டரியின் எர்த் ஒயர் பிடிக்கும் இடத்திலும் பெயின்ட். கரண்ட் எப்படிப் போகும்? அந்த ஒரு போல்ட் இடத்தில் மட்டும் எமரி பேப்பர் வைத்து இரும்பு தெரியும்வரை தேய்த்தால் போதும். இதற்காக மோட்டாரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஒயரைத் தொடும் முன்: வண்டி என்ன சொல்கிறது?

மல்டிமீட்டர் எடுக்கும் முன் காதையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். பட்டனை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் ரிலே வேலை செய்கிறது என்று அர்த்தம். அதாவது பாதுகாப்பு சுவிட்சுகள் வழிவிட்டுவிட்டன. பேட்டரி, டெர்மினல், மோட்டாரின் கார்பன் பக்கம் பாருங்கள். 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் 'உய்ங்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் ஒன்வே கிளட்ச். இந்த மூன்றிலும் சுவிட்சைக் குறை சொல்ல வேண்டாம்.

சத்தமே இல்லை என்றால்தான் நம் கதை தொடங்குகிறது. அதற்கு முன் கில் சுவிட்ச் 'ரன்'னில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். வாட்டர் வாஷ் பண்ணும்போதோ, குழந்தை விளையாடியோ அது 'ஆஃப்'பில் போயிருப்பது தினமும் நடக்கிற விஷயம். பிறகு ஃபியூஸ். பிறகு பேட்டரி வோல்டேஜ். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 அளவில் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

இனி சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, திறந்த இடத்தில் இதைச் செய்யுங்கள். சைடு ஸ்டாண்டு மடங்கியிருக்கட்டும். மூன்று சுவிட்சும் இருக்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம்.

நியூட்ரலில் வைத்து, கிளட்ச் பிடிக்காமல் அழுத்துங்கள். எடுக்கவில்லை. கிளட்ச் பிடித்து அழுத்தினால் எடுக்கிறது. அப்படியென்றால் கோளாறு நியூட்ரல் பக்கம். இப்போது மீட்டரில் பச்சை நியூட்ரல் லைட்டைப் பாருங்கள். லைட்டும் எரியவில்லை என்றால் சுவிட்ச் அல்லது அதன் ஒயர் (பல்பு ஃபியூஸ் போகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்). லைட் நன்றாக எரிகிறது, ஆனாலும் கிளட்ச் பிடிக்காமல் எடுக்கவில்லை என்றால் சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. நடுவில் இருக்கும் டயோடு போயிருக்கலாம்.

டயோடா? ஆமாம், பலருக்கும் தெரியாத நாலாவது ஆள் இது. நியூட்ரல் ஒயரும் கிளட்ச் ஒயரும் ரிலேவில் சேரும் இடத்தில், கரண்ட் ஒரு பக்கம் மட்டும் போகட்டும் என்று வைத்திருப்பார்கள். இது ஷார்ட் ஆகிவிட்டால் இன்னொரு விநோதம் நடக்கும். வண்டி கியரில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்தால் நியூட்ரல் லைட் எரியும்! லைட்டை நம்பி கிளட்ச்சை விட்டால் வண்டி பாயும். புது டயோடு போடுகிறவர்கள், ரிலே காயில் இழுக்கும் கரண்டைத் தாங்கும் அளவில் வாங்க வேண்டும். ஒரு ஆம்பியர் டயோடு கையில் இருக்கிறது என்று அதைப் போட்டுவிட்டால் சீக்கிரம் புகைந்துவிடும்.

அடுத்தது, நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் எடுக்கவில்லை. இது கிளட்ச் சுவிட்சாகவும் இருக்கலாம், ஸ்டாண்டு சுவிட்சாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சுலப வழி: நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச் பிடித்து, முதல் கியர் போடுங்கள். கியர் விழுந்த உடனே இன்ஜின் அணைந்தால் ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு இறங்கியிருப்பதாகவே வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. அணையாமல் ஓடினால் கிளட்ச் சுவிட்ச். ஓடும்போது பள்ளத்தில் இறங்கினால் இன்ஜின் ஒரு நொடி கட்டாகி மீண்டும் எடுக்கிறதென்றாலும் ஸ்டாண்டு சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்து ஸ்டாண்டு ஆடினால் அப்படி ஆகும். திரு.வி.க. பாலத்தின் மீது பஸ்ஸுக்கு முன்னால் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த நிலையிலும் எடுக்கவில்லை, எல்லாம் சுத்தமாக மௌனம் என்றால் மூன்று சுவிட்சும் ஒரே நாளில் போயிருக்காது. செல்ஃப் பட்டன், ரிலே காயில், பொது எர்த் ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும்.

'பீப்' சத்தத்தை ஏன் நம்பக்கூடாது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலரும் செய்யும் தவறு, மீட்டரை கன்டினியுட்டி மோடில் வைத்து, 'பீப்' என்று கேட்டதும் சுவிட்ச் நல்லது என்று முடிவு கட்டுவது.

ஒரு கணக்குப் போடுவோம். ரிலே காயிலின் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். வழியில் இருக்கும் கிளட்ச் சுவிட்சுக்குள் களிம்பு பிடித்து வெறும் 2 ஓம் சேர்ந்துவிட்டது. இப்போது மொத்தம் 6 ஓம், கரண்ட் 2 ஆம்பியர்தான். காயிலுக்குக் கிடைப்பது 8 வோல்ட். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் அதுவும் குறையும், ரிலே இழுக்காது. ஆனால் மீட்டருக்கு 2 ஓம் ஒரு பொருட்டே இல்லை, 'பீப்' என்று அடித்துவிடும். "செக் பண்ணிட்டேன் சார், சுவிட்ச் ஓகே" என்று மெக்கானிக் சொல்வது பொய் இல்லை. அவர் மீட்டர் அப்படித்தான் சொன்னது.

சரியான வழி வோல்டேஜ் டிராப் பார்ப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு ஒயர்களிலும் வையுங்கள். இப்போது செல்ஃப் பட்டனை அழுத்திப் பாருங்கள். நல்ல சுவிட்ச் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்ய வேண்டும். 12 வோல்ட்டும் அப்படியே காட்டினால் அந்த சுவிட்ச் திறந்தே கிடக்கிறது, குற்றவாளி அதுதான். பட்டனை அழுத்திக்கொண்டே பார்ப்பது முக்கியம். கரண்ட் ஓடாதபோது எந்த சுவிட்சும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

மீட்டர் இல்லை என்றால் ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் சால்டர் செய்து டெஸ்ட் லேம்ப் ஆக்கிக்கொள்ளலாம். பழைய ஆட்கள் இன்னும் இதைத்தான் நம்புகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பல்பு கரண்ட் இழுக்கும் என்பதால் அரைகுறை கான்டாக்ட் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மிகப் பழைய வண்டி என்றால் அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து பல்பு எடுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் ஃபிரேமில் எர்த் ஆகியிருக்கும். அதையும் கவனிக்காமல் நம் ஊர் வழக்கப்படி மைனஸை எர்த்தில் மாட்டிவிட்டால் வேறு கதையாகிவிடும்.

சுத்தம் செய்வது எப்படி?

பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்டாண்டு சுவிட்சைச் சுற்றி செயின் லூப்பும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். பிரஷ் வைத்துத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, சுவிட்சை இருபது முப்பது தடவை கையால் அழுத்தி விடுங்கள். கனெக்டரில் களிம்பு இருந்தால் பழைய டூத் பிரஷ். காய்ந்த பிறகு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், அவசரத்துக்கு உதவும், ஆனால் அதையே வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பிரஷர் வாஷ் துப்பாக்கியை அந்தப் பக்கமே காட்டாதீர்கள்.

நியூட்ரல் சுவிட்சில் இரண்டு இடம் பாருங்கள். செயின் ஸ்பிராக்கெட் கவருக்குள் ஒயர் போகும் வழியில் செயின் உரசி அறுந்திருக்கலாம். சுவிட்சின் பின் தேய்ந்து ஆயிலும் கசியலாம். ஒயரின் தோல் உரிந்து இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பெரிய ஆபத்து. அப்போது நியூட்ரல் லைட் எப்போதும் எரியும், எந்த கியரில் நின்றாலும் கிளட்ச் பிடிக்காமலே செல்ஃப் எடுக்கும். உங்களுக்கு அது வசதியாகக்கூடத் தெரியலாம். "முன்னவிட ஈஸியா ஸ்டார்ட் ஆகுது" என்று சந்தோஷப்படாதீர்கள்.

பழைய மாடலுக்கு ஒரிஜினல் சுவிட்ச் கிடைக்கவில்லையா? புதுப்பேட்டையிலும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தேடுங்கள். மாடல் பெயர் சொல்வதைவிட சாம்பிள் காட்டுவது வேலைக்காகும். வேறு வண்டியின் கிளட்ச் சுவிட்ச் அளவில் பொருந்தினாலும், லீவரைப் பிடிக்கும்போது இணைகிற வகையா, விடும்போது இணைகிற வகையா என்று கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே தலைகீழ்.

'டைரக்ட்' கொடுத்தால் என்ன ஆகும்?

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஒயரைச் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. வண்டி நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அப்படியே டேப் சுற்றி விட்டுவிடுவதுதான் பிரச்னை.

ஸ்டாண்டு சுவிட்சை டைரக்ட் செய்தால், ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போதே வண்டி கிளம்பும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. இடது பக்கம் திரும்ப வண்டியைச் சாய்க்கும்போது ஸ்டாண்டு ரோட்டில் ஊன்றும், பின் சக்கரம் தூக்கும், வண்டி விழும். அமெரிக்காவில் இதற்காகவே, வண்டி முன்னால் நகரும்போது ஸ்டாண்டு தரையில் பட்டால் பின்னோக்கி மேலே மடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய ஹோண்டா வண்டிகள் சிலவற்றின் ஸ்டாண்டு நுனியில் ஒரு ரப்பர் துண்டு இருக்குமே, அது அழகுக்கு இல்லை. தரையில் உரசி ஸ்டாண்டை மடக்கிவிடத்தான். உங்கள் வண்டியில் அது தேய்ந்துபோயிருந்தால் மாற்றுங்கள்.

நியூட்ரல், கிளட்ச் சுவிட்சுகளை டைரக்ட் செய்தால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நீங்கள் இல்லை. வண்டியை கியரில் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு "ஒரு நிமிஷம்" என்று கடைக்குள் போவதும் உண்டு. டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கை பட்டனில் பட்டால், வண்டி எதிரில் பூ கட்டிக்கொண்டிருக்கும் அம்மா மேல்தான் போய் நிற்கும். இந்த சுவிட்சுகளை வைத்ததே அந்த ஒரு நொடிக்காகத்தான்.

அதேபோல ரிலேவின் இரண்டு தடித்த போல்ட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது எல்லா பாதுகாப்பையும் தாண்டிப் போகிறது, தீப்பொறியும் பறக்கும். கார்புரேட்டர் கசியும் பழைய வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

செல்ஃப் கிட் மாட்டியவர்கள், 'விண்டேஜ்' கனவில் இருப்பவர்கள்

கிக்-ஸ்டார்ட் புல்லட்டுக்குப் பிறகு செல்ஃப் கிட் மாட்டுகிறவர்கள் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கியர்ல இருக்கும்போது பட்டன அழுத்துனா என்னண்ணே ஆகும்?" வண்டி பாயும் என்றால், பட்டனுக்கும் ரிலேவுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் சுவிட்சாவது சேர்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

இன்னொரு விஷயம். 'விண்டேஜ்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேல் பழையதாகவும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவத்திலும் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், சான்று 10 வருடம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியை தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. அந்த எண்ணம் இருப்பவர்கள் இன்ஜினில் எதையும் அறுத்து ஒட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

வேலை முடிந்து மெக்கானிக்கிடம் வண்டியைத் திரும்ப வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் சென்டர் ஸ்டாண்டில் வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். கியரில் போட்டு, கிளட்ச் பிடிக்காமல் பட்டனை அழுத்துங்கள். எடுக்கக் கூடாது. ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டி என்றால், நியூட்ரலில் ஓடவிட்டு, சைடு ஸ்டாண்டை இறக்கி, கிளட்ச் பிடித்து கியர் போடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உள்ளே எங்கேயோ 'டைரக்ட்' இருக்கிறது, டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.